பிப்ரவரிக்கு முந்தைய ஏப்ரல்

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். மார்ஷ்வெல்லில் போய் அதைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். மாசசூசெட்ஸ் கடற்கரையில் மூவாயிரம் பேர் இருக்கிற ஊர் அது. அங்கே ஆற்றின் மூலத்தை யாரும் தேடுவதில்லை. அவரவர் பாட்டனின் மூலத்தைத்தான் ஆளாளுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழை அடித்துப் படகு எடுக்க முடியாத நாட்களில் நூலகத்துக்குப் போனால், பழைய பதிவுகளைப் பார்க்கும் ஒற்றை மைக்ரோஃபிலிம் இயந்திரத்துக்கு முன்னால் வரிசை நிற்கும். அந்த வரிசையில் முதல் ஆள் எப்போதும் மெர்டில் ஹாப்வுட்தான்.

மெர்டிலுக்கு அப்போது, அதாவது 1974-ல், அறுபத்தாறு வயது. ஊரின் ஹார்டுவேர் கடையில் நாற்பத்து நான்கு வருஷமாக நின்று வியாபாரம் பார்த்தவள். ஆணியை நிறுத்துக் காகிதப் பையில் போட்டுத் தருவாள். ஆணி வாங்க வந்தவன் ஆணியோடு மட்டும் வீடு திரும்ப முடியாது. தன் கொள்ளுத் தாத்தாவுக்கு இரண்டு பெண்டாட்டி, அதில் ஒருத்தியின் தகப்பன் ஆடு திருடி அபராதம் கட்டியவன் என்கிற செய்தியையும் சுமந்துகொண்டுதான் போயாக வேண்டும். "எங்கிட்ட எதுக்கு இதைச் சொல்றீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால், "உன் தாத்தாவாச்சே, எனக்கு எதுக்கு அது?" என்பாள். ஊரில் பாதிப்பேர் பக்கத்து ஊருக்குப் போய் ஆணி வாங்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், பதில் வருவதற்குள் ஹாப்வுட் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்டு கெட்டவர்களின் பட்டியல் தேதியோடு வரும். அதனால் யாரும் கேட்பதில்லை. கடைக்கு மேலே இரண்டு அறையில் வாடகைக்குக் குடியிருந்தாள். ஓர் அறையில் அவள், இன்னோர் அறையில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கிய பதினோராயிரம் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஹாப்வுட், பிறப்பு, மணம், இறப்பு. அப்பா ஏமஸ் கடல்நண்டு பிடித்தவர். அவர் ஓட்டிய படகும் வாடகை, வாழ்ந்த வீடும் வாடகை. மெர்டில் பெயரில் இந்த உலகத்தில் ஒரு சதுர அடி மண் கிடையாது. அது அவளுக்குக் குறையாகவே இருந்தது, அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஆனால் ஆறடி மண் மேல் அவளுக்கு ஒரு கண் இருந்தது.

ஹாப்வுட்டுகளின் ஆதிப் பாட்டன் ஜோனஸ் ஹாப்வுட் என்கிற வணிகர் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து மீன் கப்பலில் வந்து இறங்கியவர். உப்புப் போட்டுக் காயவைத்த மீனைத் தெற்கே தீவுகளுக்கு அனுப்பி, சர்க்கரைப்பாகு கொண்டுவந்து பணக்காரர் ஆனார். அந்தப் பாகை எந்த அடிமைகள் முதுகொடியக் காய்ச்சினார்கள் என்பதைக் குடும்பத்தார் விழாக்களில் பேசுவதில்லை. குடும்பச் சங்கத்தின் வம்சாவளிக்காரியாக மெர்டில் எழுதிவந்த புதிய குடும்ப வரலாற்றில் அதற்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தாள். குடும்பச் சங்கத் தலைவர் செஸ்டர் சிவப்பு மசியால் மூன்றையும் அடித்திருந்தார். மெர்டில் மறுபடியும் எழுதி அதை ஐந்து பக்கம் ஆக்கியிருந்தாள்.

ஜோனஸுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ஜோசையா, இளையவர் எபனேசர். ஜோசையா வழி வந்தவர்கள் கடலை நம்பினார்கள், கடல் அவர்களைக் கைவிட்டது. எபனேசர் வழி வந்தவர்கள் நிலத்தையும் சட்டத்தையும் நம்பினார்கள். நீதிபதிகள், வங்கிக்காரர்கள், கடைசியாக இன்சூரன்ஸ் ஏஜெண்ட் செஸ்டர். மெர்டில் ஜோசையா கிளை. வருஷா வருஷம் ஆகஸ்டில் குடும்பம் கூடும்போது எபனேசர் கிளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள நீல ரிப்பன், ஜோசையா கிளைக்குப் பழுப்பு ரிப்பன். நீல ரிப்பன்காரர்கள் நிழலில் உட்காருவார்கள்.

மனைவி பேஷன்ஸ் 1704-ல் இறந்தபோது ஜோனஸ் குன்றின் மேல் ஒரு துண்டு நிலம் வாங்கிச் சுற்றிலும் கல்சுவர் எழுப்பினார். தானும் பேஷன்ஸும் முறைப்படி பெற்ற பிள்ளைகளின் வழியில் வந்தவர்களையும், அவர்களை முறைப்படி மணந்தவர்களையும் மட்டுமே அங்கே புதைக்கலாம் என்று பத்திரம் எழுதிவைத்தார். இருநூற்று எழுபது வருஷத்தில் ஹாப்வுட்டுகள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் படுத்து, இப்போது மிச்சம் இரண்டே இடம். ஒன்று செஸ்டருடைய மனைவி டொலோரஸின் பக்கத்தில். மூன்று வருஷத்துக்கு முன் அவள் போனபோதே செஸ்டர் தனக்கென்று அதைச் சொல்லிவைத்துவிட்டார். கல்லில் தன் பெயரையும் வெட்டிவிட்டார், இறந்த வருஷம் மட்டும்தான் பாக்கி. அதற்கு அடுத்தது, சுவரோரம், மெர்டிலின் அப்பா ஏமஸின் கால்மாட்டில். அதைத்தான் மெர்டில் கேட்டாள்.

செஸ்டர் அதை வேறு ஒன்றுக்கு வைத்திருந்தார். அவருடைய தாத்தா பெரிய ஜட்ஜ். 1898-ல் குடும்ப வரலாற்றை அச்சுப்போட்டவர் அவர்தான். அந்த ஜட்ஜுக்கு அங்கே பன்னிரண்டடியில் கருங்கல் தூண் ஒன்று நட வேண்டும் என்பது செஸ்டரின் கனவு. ஜட்ஜுக்கு ஏற்கெனவே அங்கே கல் இருந்தது. அது மற்றவர்கள் கல்லின் உயரத்திலேயே இருந்ததுதான் குறை.

யாருக்கு இடம் என்று அந்த ஆகஸ்ட் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வதாக இருந்தது. செஸ்டர் வீட்டுப் புல்வெளியில் எழுபது பேர். கிளிஞ்சல் கறி சூப், அவித்த பீன்ஸ், நீலப்பழம் அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம். முதலில் வழக்கமான பேச்சு. எபனேசரைப் பெற்றுப்போட்டுப் பேஷன்ஸ் உயிரை விட்ட கதையை செஸ்டர் ஆண்டுதோறும் சொல்வார். "தன் உயிரைக் கொடுத்து நம்ம உயிரைத் தந்த தாய்" என்று அவர் குரல் தழுதழுக்கும் இடத்தில், நீல ரிப்பன் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அன்றும் எடுத்தார்கள்.

அது முடிந்ததும் செஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"இதைச் சொல்ல எனக்கு மனசே வரலை" என்றார். மனசு வெகு நாளாக வந்து காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. "நகர அலுவலகத்துப் பழைய ஏட்டை நேரா போய்ப் பார்த்தேன். ஜோனஸ், பேஷன்ஸ் கல்யாணம், 1701 ஏப்ரல் பதினாலு. மூத்த பிள்ளை ஜோசையா பொறந்தது, 1701 பிப்ரவரி மூணு. நான் இன்சூரன்ஸ்காரன். பிப்ரவரி முன்னாடி வருமா, ஏப்ரல் முன்னாடி வருமான்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி பொறந்த பிள்ளையை முறைப்படி பொறந்த பிள்ளைன்னு எப்படிச் சொல்றது? ஜோசையா கிளை மேல எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒண்ணும் கிடையாது. ஆனா குன்று மேல இடம்னு வந்தா..."

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. நிழலில் ஒரே கசமுசா. வெயிலில் இருந்த பழுப்பு ரிப்பன்காரர் ஒருவர், "பரவாயில்லையே, நம்ம கிளையில ஒருத்தனாவது அவசரக்காரனா இருந்திருக்கானே" என்று சொல்லித் தன் மனைவியிடம் அடி வாங்கினார்.

மெர்டில் சூப் கிண்ணத்தோடு எழுந்தாள்.

"செஸ்டர், உன்னை ஒண்ணு கேக்கறேன். 1701-ல இங்க வருஷம் எப்பப் பொறந்துது?"

"ஜனவரி ஒண்ணு. வேற எப்பப் பொறக்கும்?"

"மார்ச் இருபத்தஞ்சு."

"என்ன உளர்றே?"

"நான் உளறலை. இங்கிலாந்து ராஜா சட்டம். 1752 வரைக்கும் இங்க மார்ச் இருபத்தஞ்சுலதான் புது வருஷம். ஏப்ரல் வருஷத்தோட தலைமாட்டுல இருந்துது, ஜனவரி, பிப்ரவரி எல்லாம் கால்மாட்டுல. 1701 ஏப்ரல்ல கல்யாணம் ஆச்சு. மே, ஜூன்னு வரிசையா வந்து, டிசம்பர் போய், அதே 1701-ல ஜனவரி வந்து, அப்புறம்தான் பிப்ரவரி. விரல் விட்டு எண்ணு. பத்து மாசத்துக்குப் பதினோரு நாள் குறைச்சல். போதுமா, இன்னும் சுமக்கணுமா அந்தப் பொம்பளை?"

சித்திரையில் வருஷம் பிறக்கிற நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தையும் மாசியும் வருஷக் கடைசியில் வரும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். மார்ஷ்வெல்லில் எழுபது பேர் வாயைப் பிளந்துகொண்டு விரல் விட்டு எண்ணினார்கள். மெர்டில் கைப்பையிலிருந்து அந்த ஏட்டுப் பக்கத்தின் ஒளிநகலை எடுத்து நீட்டினாள். செஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரல் வரி வரியாகக் கீழே இறங்கியது. பக்கத்தின் அடியில் போய் ஓர் இடத்தில் நின்றது. அவர் உதடு எதையோ எண்ணியது. அப்புறம் நகலை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பழப் பை ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்க" என்றார்.

கை தூக்கினார்கள். ஐம்பத்தெட்டுக் கை மெர்டிலுக்கு. நீல ரிப்பனிலேயே பாதிக்கு மேல். செஸ்டரும் தூக்கினார். அதுதான் மெர்டிலுக்கு உறுத்தியது. தோற்றவன் கை தூக்க மாட்டான், அதிலும் செஸ்டர் தூக்கவே மாட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு நகலை எடுத்து விளக்கடியில் வைத்தாள். ஜோசையாவின் வரியை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே கண்ணை ஓட்டியதில்லை. எபனேசர் கிளையின் ஆதி விஷயம் எல்லாம் ஜட்ஜின் அச்சுப் புத்தகத்தில் இருக்கிறதே என்று அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள். வம்சம் தேடுகிறவர்கள் செய்யக் கூடாத முதல் தப்பு அது, மூலத்தைப் பார்க்காமல் அச்சை நம்புவது. மற்றவர்கள் செய்தால் கடைக்கு மேலேயே கூப்பிட்டுத் திட்டுவாள். இருபத்திரண்டு வருஷமாக அவளே அதைச் செய்திருக்கிறாள்.

பக்கத்தின் அடியில் இரண்டு வரி. 'ஜோனஸ் ஹாப்வுட்டின் மனைவி பேஷன்ஸ் இறந்தது, 1704 நவம்பர் 9.' 'ஜோனஸ் ஹாப்வுட்டின் மகன் எபனேசர் பிறந்தது, 1704 ஜனவரி 20.'

மெர்டில் விரல் விட்டு எண்ணினாள். ஜனவரி கால்மாட்டில். நவம்பர் அதற்கு முன்னால். அதாவது, தாய் செத்து இரண்டு மாசம் பதினோரு நாள் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது.

முதலில் சிரித்தாள். தனியாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள். அந்தக் கைக்குட்டைகளை நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் ஜோனஸின் இரண்டாம் கல்யாணத்தைத் தேடி எடுத்தாள். 1706 ஜூன், துறைமுகத்து ரொட்டிக்கடை ஹன்னா. ஓஹோ. பேஷன்ஸ் உயிரோடு இருந்தபோதே ஐயா ரொட்டி வாங்கப் போயிருக்கிறார். ஜட்ஜின் புத்தகத்தைப் புரட்டினாள். எல்லாருக்கும் நாள், மாசம், வருஷம் போட்டிருந்த அந்த மனிதர், எபனேசர் பிறப்புக்கும் பேஷன்ஸ் இறப்புக்கும் மட்டும் வெறும் '1704' என்று போட்டிருந்தார். ஜட்ஜுக்குத் தெரிந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, மேலே ஒரு சோகக் கதையையும் ஊற்றியிருக்கிறார்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. எபனேசர் பேஷன்ஸின் பிள்ளை இல்லையென்றால் செஸ்டருக்குக் குன்று மேல் இடம் இல்லை. ஒவ்வொரு அடக்கத்துக்கும் 'இவர் அவ்வழியில் வந்தவர்' என்று சங்கத்தின் வம்சாவளிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து மெர்டிலுடையது. தெரியாமல் போட்டவை போகட்டும், படுத்தவர்களை யாரும் எழுப்பப் போவதில்லை. இனிமேல் தெரிந்து எப்படிப் போடுவாள்?

நகரப் பதிவாளர் வெல்மாவிடம் சொன்னாள். வெல்மா அவளோடு பள்ளியில் படித்தவள், நாற்பது வருஷமாக ஊர்ப் பிறப்பு இறப்பை எல்லாம் எழுதுகிறவள்.

"விட்டுத் தள்ளுடி" என்றாள் வெல்மா. "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எவ எங்க பெத்தா என்ன? யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே."

"கண்ணை மூடிக்கோ."

"அந்தக் கண்ணை வச்சுக்கிட்டுத்தானே வெல்மா நான் இத்தனை நாள் ஊர்ல எல்லாரையும் கேள்வி கேட்டேன்?"

செவ்வாய்க்கிழமை செஸ்டரே கடைக்கு வந்தார். அரைப் பவுண்டு ஆணி கேட்டார். எந்த அளவு ஆணி என்று மெர்டில் கேட்டதற்கு, "ஏதோ ஒண்ணு" என்றார். இன்சூரன்ஸ்காரர் 'ஏதோ ஒண்ணு' என்று சொன்னால் உள்ளே ஏதோ இடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"நீயும் பார்த்துட்டே இல்ல?" என்றார்.

"பார்த்தேன்."

"அந்தக் காலத்துப் பதிவாளர் குடிகாரனா இருந்திருக்கலாம். தேதியைத் தப்பா எழுதியிருக்கலாம்."

"இருந்திருக்கலாம். ஆனா எபனேசருக்குக் குடிச்சிருந்தா ஜோசையாவுக்கும் குடிச்சிருப்பான்யா, ஒரே கையெழுத்து. அவனைக் குடிகாரன்னா நானும் வெளியே, நீயும் வெளியே. யோக்கியன்னா நான் உள்ளே, நீ வெளியே. இதுல நீ உள்ளே வர்ற வழியை நானும் ரெண்டு நாளா தேடறேன்."

"அப்போ கையெழுத்துப் போட மாட்டே."

"மாட்டேன், செஸ்டர்."

"எங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மெர்டில் ஆணியை நிறுத்தாள். அதுவே பதில். செஸ்டர் பையை வாங்கிக்கொள்ள மறந்து வெளியே போனார். கதவு மணி அடித்து ஓய்ந்த பிறகும் மெர்டில் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அறுபது வருஷமாக இந்த மனுஷன் தோற்று ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். பார்த்துவிட்டாள். ருசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கல்லறையில் களை எடுக்கக் குன்றுக்குப் போனாள். செஸ்டர் அங்கே இருந்தார். டொலோரஸின் கல்லுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பத்திரிகையைப் பிரித்து வைத்து, பேஸ்பால் ஆட்டங்களின் முடிவை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஆள் எந்தப் பந்தைக் கோட்டைவிட்டான் என்பது உட்பட. நடுநடுவே, "உனக்குத்தான் அவனைப் பிடிக்காதே" என்று வேறு. டொலோரஸ் உயிரோடு இருந்தபோது இவர் அவளிடம் இத்தனை வார்த்தை பேசி மெர்டில் பார்த்ததில்லை.

பக்கத்தில் அவர் பெயர் வெட்டிய கல். 'செஸ்டர் ஹாப்வுட், 1907', அப்புறம் ஒரு கோடு. இந்த ஆள் மேல் பரிதாபப்படும் நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களுடைய வம்சத்தையே இழுத்திருப்பாள். களையை எடுக்காமலே இறங்கி வந்து, பத்திரத்தின் நகலை மேசை மேல் விரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது தேநீரைக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை செஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். மறந்துபோன ஆணிப் பையும் கையில் இருந்தது.

"என்னைக் கட்டிக்கோ" என்றாள்.

செஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? வழிவந்தவங்களும், அவங்களை முறைப்படி கட்டிக்கிட்டவங்களும். நான் வழிவந்தவ, ஐம்பத்தெட்டுக் கை சாட்சி. நீ என்னைக் கட்டிக்கிட்டா உனக்கு இடம் உண்டு. நான் கண்ணை மூடாமலே கையெழுத்துப் போடுவேன்."

"மெர்டில், எனக்கு டொலோரஸ் இருக்கா."

"இருக்காங்கறதுனாலதான்யா கேக்கறேன்!"

"ஊரு சிரிக்கும்."

"நாற்பத்து நாலு வருஷமா ஊரைப் பார்த்து நான் சிரிச்சேன். ஒரு நாள் அவங்க சிரிக்கட்டுமே."

"முடியாது" என்று செஸ்டர் கதவைச் சாத்தினார். பிறகு திறந்து, ஆணிப் பையை வாங்கிக்கொண்டு, மறுபடியும் சாத்தினார்.

மூன்று வாரம் அவர் கண்ணில் படவில்லை. அதற்குள் மெர்டில் தன் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி முடித்தாள். எபனேசர், ரொட்டிக்கடை ஹன்னாவின் மகனாக இருக்கக்கூடும், நாள் மாசம் வருஷம் எல்லாம் முழுசாக. அதை ஓர் உறையில் போட்டு, அச்சுக்குப் போகும் முன் தலைவர் பார்க்கட்டும் என்று அனுப்பினாள். சிவப்பு மசியை எதிர்பார்த்தாள். தாள் திரும்பி வந்தபோது ஓர் அடித்தலும் இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு வரி: 'ரொட்டிக்கடை துறைமுகத்துக்குக் கிழக்கே. மேற்கே இல்லை. புதன்கிழமை எனக்குச் சௌகரியம்.'

கல்யாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை சட்டம். மருத்துவமனை வாசலில் இருவரும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி குத்த வந்த சின்னப் பெண், "உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தாள். மெர்டில் தொடங்கினாள். ஏழாவது தலைமுறையை எட்டும்போது அந்தப் பெண் நரம்பைத் தவறவிட்டாள். செஸ்டர், "போதும்மா, அந்தப் பொண்ணு அழுதுடும்" என்றார்.

வெல்மாதான் பதிவாளர் அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துவைத்தாள். "சிரிக்கக் கூடாதுன்னு காலையிலேர்ந்து பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். உறுதிமொழியின் நடுவில் 'மரணம் நம்மைப் பிரிக்கும் வரை' என்று வந்ததும் பல் நழுவிவிட்டது. "இவங்க ரெண்டு பேரும் மரணத்துக்காகத்தானே சேர்றாங்க" என்று அவள் மேசை மேல் கவிழ்ந்து சிரித்ததில் பதிவேட்டில் மசி கொட்டியது. மெர்டில் பதறிப்போய், தேதி அழியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள்.

அங்கிருந்து நேரே குன்றுக்குப் போனார்கள். செஸ்டர் தொப்பியைக் கழற்றி, டொலோரஸின் கல்லுக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிப்ரவரி, ஏப்ரல், தாத்தா, ரொட்டிக்கடை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்காதே. இது வெறும் பேப்பர் கல்யாணம்தான்" என்றார்.

"வெறும் பேப்பரா?" என்றாள் சுவரோரம் நின்ற மெர்டில். "நான் ஆயுசு முழுக்கப் பேப்பரோடதான்யா குடும்பம் நடத்தினேன். அதுல பொய் சொல்லாத புருஷன் இன்னிக்குத்தான் கெடைச்சான்."

செஸ்டர் திரும்பிப் பார்த்தார். தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார். பிறகு, "நான் டொலோரஸ் பக்கம், நீ அந்தப் பக்கம். சரியா இருக்குமான்னு பாரு. சுவர் இடிக்குதோ என்னமோ" என்றார்.

மெர்டில் கைப்பையைக் கீழே வைத்தாள். கல்யாணத்துக்கென்று போட்டுவந்த சாம்பல்நிறக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, புல்லில் மல்லாந்து படுத்தாள். தலை அப்பாவின் கால்மாட்டில். இந்தப் பக்கம் சுவர் ஒரு சாண் தள்ளி நின்றது. அந்தப் பக்கம் கையை நீட்டினால் செஸ்டரின் இடம், அதற்கப்பால் டொலோரஸ். மேலே வானம் காலியாக இருந்தது. அவள் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. செஸ்டர் குனிந்து பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"கொஞ்சம் ஈரமா இருக்கு" என்றாள் மெர்டில். "ஆனா என்னுது."